ஐரோப்பாவை ஊருக்குப் புரியவைத்த லூயிஸ் வெய்ஸ் அம்மையார்

பிரான்சு நாட்டின் கிழக்கு எல்லையில், ரைன் நதிக்கு அருகே ஸ்ட்ராஸ்பர்க் என்ற நகரம் இருக்கிறது. ஐரோப்பியப் பாராளுமன்றம் கூடுகிற ஊர் அது. பாராளுமன்றக் கட்டிடம் 1999-ம் ஆண்டு டிசம்பர் மாதம் திறந்து வைக்கப்பட்டது. அந்தக் கட்டிடத்துக்கு ஒரு பெண்மணியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

அவர் ராணி அல்ல. மந்திரிப் பதவி வகித்தவரும் அல்ல. பேனா பிடித்துப் பிழைத்த ஒரு பத்திரிகைக்காரர்.

லூயிஸ் வெய்ஸ் அம்மையார் என்பது அவருடைய பெயர். ராஜாங்க விவகாரங்கள் பெரிய மனிதர்களுக்கு மட்டும் உரியவை என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், அவற்றை அச்சில் போட்டு வெளியே கொண்டுவந்தவர் அவர். பிறகு, விவரம் தெரிந்தால் மட்டும் போதாது, ஓட்டும் வேண்டும் என்று தெருவில் இறங்கியவர். 86-வது வயதில், ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுத்த ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் முதல் கூட்டத்தைத் தொடங்கி வைத்தவர்.

அவருடைய வாழ்க்கைக் கதையைப் பார்ப்போம்.

படிக்க ஆசைப்பட்ட பெண்

1893-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி, பிரான்சின் வடக்கே உள்ள அராஸ் என்ற ஊரில் லூயிஸ் வெய்ஸ் பிறந்தார். தந்தை சுரங்க என்ஜினீயர். ஆறு குழந்தைகளில் லூயிஸ் மூத்தவர்.

தந்தையின் பூர்வீகம் அல்சாஸ் பகுதி. பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறிப் பிடித்துக்கொண்ட நிலம் அது. 1871-ல் அதை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. 1918-ல் பிரான்சு திரும்பப் பெற்றது. 1940-ல் மறுபடியும் ஜெர்மனி. அடுத்த சில ஆண்டுகளில் மறுபடியும் பிரான்சு. வீட்டை விட்டு நகராமலே அந்த மக்கள் நாடு மாறினார்கள். எங்கோ நான்கு பேர் உட்கார்ந்து போடுகிற கையெழுத்து ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை லூயிஸ் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பெண் பிள்ளை அதிகம் படிப்பதில் தந்தைக்கு விருப்பம் இல்லை. சமையலும் குடும்ப நிர்வாகமும் கற்றுக்கொள்ளட்டும் என்று ஜெர்மனியில் உள்ள ஒரு மனையியல் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். மகள் அதையும் கற்றார். திரும்பி வந்து, தான் படிக்க நினைத்ததையும் படித்தார்.

1914-ம் ஆண்டு, 21-வது வயதில், பிரான்சில் உயர்நிலை ஆசிரியர் பதவிக்கு உரிய மிகக் கடினமான தேர்வில் தேறினார். கௌரவமான சர்க்கார் உத்தியோகம் காத்திருந்தது. ஆனால் அவர் அந்த வழியில் போகவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் உலகப்போர் மூண்டுவிட்டது.

எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல்

ரயிலில் போகிற ஒரு பார்சலுக்குக்கூட எங்கிருந்து எங்கே போகிறது என்று லேபிள் உண்டு. 1914 ஆகஸ்டில் ரயில் ரயிலாகப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட வாலிபர்களுக்கு அந்த லேபிள்கூட இல்லை.

போஸ்னியாவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக பிரான்சில் உள்ள ஒரு குடியானவன் ஏன் சாகவேண்டும்? காரணம், மந்திரிகளும் தூதர்களும் செய்து வைத்திருந்த உடன்படிக்கைகள். ஆஸ்திரியா செர்பியாவைத் தாக்கினால் ரஷ்யா வரும். ரஷ்யா வந்தால் ஜெர்மனி வரும். ஜெர்மனி வந்தால் பிரான்சு வரவேண்டும். பிரான்சும் ரஷ்யாவும் 1890-களில் செய்துகொண்ட ராணுவ உடன்படிக்கையின் ஷரத்துக்கள் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்கே காட்டப்படவில்லை. அப்படியிருக்க, குடியானவனுக்கு யார் காட்டப் போகிறார்கள்?

அந்தப் போரில் பிரான்சு மட்டுமே ஏறத்தாழ 14 லட்சம் பேரைப் பலி கொடுத்தது.

லூயிஸ், பிரிட்டனி கடற்கரையில் உள்ள ஒரு சிற்றூரில், அகதிகளுக்கும் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் ஒரு விடுதியைத் தொடங்கி நடத்தினார். கை கால் இழந்து வந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். பிறகு பாரீஸ் சென்று பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்தார். முதல் கட்டுரைகள் அவர் பெயரில் வரவில்லை. ஒரு ஆண்பிள்ளையின் பெயரில்தான் வெளிவந்தன. பெண் எழுதிய அரசியல் கட்டுரை என்றால் அன்றைக்கு யாரும் மதிக்க மாட்டார்கள்.

'புதிய ஐரோப்பா'

1917-ம் ஆண்டு ரஷ்யப் புரட்சி நடந்தது. ஆட்சிக்கு வந்த போல்ஷ்விக்குகள், ஜார் மன்னரின் பெட்டகத்தில் இருந்த ரகசிய ஒப்பந்தங்களை எடுத்துப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். போர் முடிந்ததும் எந்த நாட்டுக்கு எந்தத் துண்டு என்று முன்னாலேயே பங்கு போட்டிருந்த கதை சந்தி சிரித்தது. 1918-ம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் தமது 14 அம்சத் திட்டத்தை வெளியிட்டார். இனி உடன்படிக்கைகள் வெளிப்படையாக இருக்கவேண்டும் என்பது அதில் முதல் அம்சம்.

அதே மாதத்தில்தான் பாரீசில் 'லெரோப் நூவெல்' என்ற வாரப் பத்திரிகை பிறந்தது. 'புதிய ஐரோப்பா' என்று பொருள். அதைத் தொடங்கியவர்களில் லூயிஸ் வெய்சும் ஒருவர். அப்போது அவர் 25 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளில் தலைமை ஆசிரியர் ஆனார். 1934-ம் ஆண்டு வரை அந்தப் பத்திரிகை அவர் கையில் இருந்தது.

அந்தப் பத்திரிகைக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானால், மந்திரி சிரித்தார், மாலை போட்டார்கள், விருந்து நடந்தது என்று செய்தி போட்டுவிட்டு நிறுத்தவில்லை. ஒப்பந்தத்தின் வாசகத்தையே அச்சிட்டது. அதன் பொருள் என்ன, யாருக்கு லாபம், யார் தலையில் பாரம் என்று பக்கத்திலேயே விளக்கம் எழுதச் சொன்னது.

இது லேசான வேலை அல்ல. 1919-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி கையெழுத்தான வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் மட்டும் 440 ஷரத்துக்கள் இருந்தன. ஜெர்மனி கட்டவேண்டிய நஷ்டஈடு 13,200 கோடி தங்க மார்க் என்று 1921-ல் முடிவு செய்தார்கள். ஜெர்மனி தவணை தவறியதும், 1923-ல் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ரூர் பகுதிக்குள் புகுந்து நிலக்கரியைப் பிடித்துக்கொண்டன. ஜெர்மனியில் காகித நோட்டு குப்பையாகிப் போனது. அங்கே ஒரு ரொட்டியின் விலைக்கும், பிரான்சில் கட்டவேண்டிய வரிக்கும், நிலக்கரிச் சுரங்கத்துக்கும் தொடர்பு இருந்தது. அந்தத் தொடர்பைச் சொல்ல ஆள் வேண்டும். வாராவாரம் அதைச் சொன்னது லூயிசின் பத்திரிகை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பத்திரிகையைப் படித்தவர்கள் பெரும்பாலும் படித்த வர்க்கத்தினர்: பாராளுமன்ற உறுப்பினர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள். நிலக்கரி வெட்டியவன் கைக்கு அது போய்ச் சேரவில்லை. இந்தக் குறையைப் போக்கும் வழியை லூயிஸ் பின்னால் தேடினார்.

மாஸ்கோவில் ஐந்து வாரம்

அவர் மேஜையை விட்டு எழுந்திருக்காத ஆசிரியர் அல்ல. போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா என்ற புதிய நாடு பிறந்தது. அதன் தலைநகர் பிராகில் இருந்து, பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற 'லெ பெட்டி பாரிசியன்' என்ற தினப் பத்திரிகைக்குச் செய்திகள் அனுப்பினார். இங்கே எழுதியது சாதாரண ஜனங்களுக்காக.

அந்த நாட்டுக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் மிலான் ஸ்டெபானிக். ஸ்லோவாக்கியர். வான சாஸ்திரியாக இருந்து பிரெஞ்சு ராணுவத்தில் தளபதியானவர். லூயிஸ் அவரை மனதார நேசித்தார். சுதந்திர நாட்டுக்குத் திரும்பிய அன்று, 1919-ம் ஆண்டு மே 4-ந் தேதி, ஸ்டெபானிக் வந்த விமானம் ஊர் எல்லையில் விழுந்து நொறுங்கியது. அந்தச் சோகத்தை லூயிஸ் ஆயுள் முழுவதும் சுமந்தார்.

1921-ல் அவர் மாஸ்கோ சென்றார். புரட்சிக்குப் பின் மேல்நாட்டார் அதிகம் போகாத இடம் அது. பஞ்சமும் பட்டினியும் நிறைந்த காலம். ஐந்து வாரம் தங்கி, புரட்சித் தலைவர்களைப் பேட்டி கண்டு எழுதினார். அப்போது அவர் கண்ணில் பட்டது இன்னொரு கூட்டம். பிரபுக்கள் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போன பிரெஞ்சு ஆசிரியைகள், புரட்சியில் எஜமானர்கள் ஓடிப்போனதும் ஊர் திரும்ப வழியில்லாமல், சாப்பாட்டுக்கே அல்லாடிக்கொண்டிருந்தார்கள். லூயிஸ் முயற்சி எடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நாடு திரும்பினார்கள். பிழைக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்களின் அவஸ்தை, பிழைக்கப் போனவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும்.

சமாதானப் பள்ளிக்கூடம்

1920-களில் பிரான்சின் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர் அரிஸ்டைடு பிரியான். ஜெர்மனியின் வெளிநாட்டு மந்திரி ஸ்ட்ரெஸ்மன். இரண்டு பேரும் பகையை மறந்து 1925-ல் லொகார்னோ ஒப்பந்தத்தைச் செய்தார்கள். 1926-ல் ஜெர்மனி, ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்தில் உறுப்பினர் ஆனது. இருவருக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. 1929-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் ஒரு கூட்டாட்சிப் பிணைப்பை ஏற்படுத்திக் கொள்ளலாம் என்று பிரியான் ஜெனீவாவில் பேசினார்.

லூயிசின் பத்திரிகை இந்த முயற்சிகளுக்குத் துணை நின்றது. ஆனால் மந்திரிகள் கை குலுக்கினால் ஜனங்கள் கை குலுக்கியதாக ஆகிவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1930-ல் பாரீசில் 'சமாதானப் பள்ளி' என்ற அமைப்பைத் தொடங்கினார். ராஜதந்திரிகளும் பேராசிரியர்களும் மேடை ஏறி, சர்வதேச சங்கம் எப்படி வேலை செய்கிறது, ஆயுதக் குறைப்பு என்றால் என்ன, கடன் பாக்கி விவகாரம் எங்கே நிற்கிறது என்று பொது மக்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

அந்தப் பாடம் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1931-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி, பாரீசில் டிரொகாடெரோ மண்டபத்தில் ஆயுதக் குறைப்புக்கான சர்வதேச மாநாடு நடந்தது. ஏற்பாடு செய்தவர் லூயிஸ். பல நாடுகளில் இருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். தீவிர வலதுசாரிக் கும்பல்கள் உள்ளே புகுந்தன. கூச்சல், அடிதடி. பேச வந்தவர்களைப் பேசவிடவில்லை. மாநாடு கலைந்தது.

1932-ல் பிரியான் இறந்தார். 1933 ஜனவரியில் ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனி சர்வதேச சங்கத்தை விட்டு வெளியேறியது. 16 ஆண்டுகளாக லூயிஸ் எழுதி எழுதிக் கட்டிய நம்பிக்கை கண் முன்னே சரிந்தது. 1934-ல் பத்திரிகையை விட்டு விலகினார்.

தொப்பிப் பெட்டியில் ஓட்டு

அப்போதுதான் அவர் இரண்டாவது வேலையைக் கையில் எடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். மந்திரிகளுக்கே ஐரோப்பிய விவகாரத்தை எடுத்துச் சொன்ன பெண்மணி அவர். ஆனால் தேர்தல் நாளன்று அவருடைய வீட்டு வாயிற்காவலனுக்கு ஓட்டு உண்டு. அவருக்கு ஓட்டு இல்லை. பிரான்சில் எந்தப் பெண்ணுக்கும் ஓட்டு இல்லை.

இந்த விஷயத்தில் நம்முடைய சென்னை மாகாணம் பிரான்சை முந்திவிட்டது. 1921-லேயே, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்குச் சட்டசபைத் தேர்தலில் ஓட்டுரிமை தரச் சென்னை சட்டசபை முடிவு செய்தது. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சபையின் துணைத் தலைவர் ஆனார். அடிமைப்பட்டிருந்த நாட்டில் அது நடந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நாணயத்திலேயே பொறித்து வைத்திருந்த பிரான்சில் நடக்கவில்லை.

பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் கீழ்சபை 1919-ல் இருந்து பல தடவை பெண்கள் ஓட்டுரிமைக்குச் சம்மதம் தெரிவித்தது. மேல்சபையான செனட் ஒவ்வொரு தடவையும் குறுக்கே படுத்துக்கொண்டது. பெண்கள் ஓட்டுப்போடப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது பல செனட்டர்களின் கவலை.

1934 அக்டோபரில் லூயிஸ் 'புதிய பெண்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். பாரீசின் பிரதான வீதியான ஷாம்செலிசேயில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தார். அதுதான் அலுவலகம். சந்து பொந்தில் இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பத்திரிகைக்காரர் அல்லவா, எதைச் செய்தால் மறுநாள் முதல் பக்கத்தில் படம் வரும் என்று அவருக்கு அத்துப்படி.

1935 மே மாதம் பாரீஸ் நகரசபைத் தேர்தல் வந்தது. மொன்மார்த்ர் பகுதியில் லூயிஸ் தாமே வேட்பாளராக நின்றார். சட்டப்படி அது செல்லாது. செல்லாவிட்டால் என்ன? ஓட்டுச்சாவடிக்குப் பக்கத்தில் தொப்பி வைக்கும் அட்டைப் பெட்டிகளை வைத்து, அவையே ஓட்டுப்பெட்டி என்று அறிவித்தார். ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கானோர் வந்து சீட்டுப் போட்டார்கள். அதே ஆண்டு, பாஸ்டில் சதுக்கத்தில் பெண்கள் சங்கிலிகளைத் தீயில் எறிந்தார்கள். புகழ்பெற்ற பெண் விமானிகளும் அவருடன் சேர்ந்துகொண்டார்கள். ஆகாயத்தில் விமானம் ஓட்டலாம், தரையில் ஓட்டுப் போடக்கூடாதா என்று ஊர் பேசிக்கொண்டது.

1936-ல் கால்பந்துக் கோப்பை இறுதிப் போட்டி நடந்த மைதானத்தில், ஜனாதிபதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துண்டுப் பிரசுரங்கள் கட்டிய பலூன்கள் பறந்தன. ஜூன் மாதம் செனட்டர்கள் சபைக்கு வந்தபோது வாசலில் அவர்களுக்கு ஆளுக்கொரு ஜோடி காலுறை கொடுத்தார்கள். ஓட்டு வந்தாலும் உங்கள் கிழிந்த காலுறையைத் தைத்துத்தான் கொடுப்போம், பயப்பட வேண்டாம் என்பது அதன் பொருள். செனட்டர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அதே 1936-ல் இன்னொரு விசித்திரம் நடந்தது. பிரதமர் லியோன் புளூம் மூன்று பெண்களைத் துணை மந்திரிகளாக நியமித்தார். அவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஐரீன் ஜோலியோ-கியூரி. மந்திரிசபையில் உட்காரலாம், ஓட்டுச்சாவடியில் நிற்க முடியாது! ஜூலை மாதம் கீழ்சபை ஒரு எதிர்ப்பு ஓட்டுக்கூட இல்லாமல் பெண்கள் ஓட்டுரிமையை ஏற்றது. செனட் அதை எடுத்து விவாதிக்கவே இல்லை.

கடைசியில் உரிமை வந்தது 1944-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி. ஜெனரல் டிகால் தலைமையில் அல்ஜியர்சில் இயங்கிய தற்காலிக நிர்வாகம் உத்தரவு போட்டது. 1945 ஏப்ரல் 29-ந் தேதி பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டார்கள். லூயிசுக்கு அப்போது வயது 52.

மறுபடியும் அகதிகள்

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் சூறையாடப்பட்டன. பிரான்சில் அகதிகளுக்காக அமைத்த ஒரு கமிட்டியின் பொதுச் செயலாளராக லூயிஸ் பணியாற்றினார். யூதக் குழந்தைகளை பிரான்சுக்குக் கொண்டுவர வழி செய்தார். போர் வந்தது. பிரான்சு விழுந்தது. லூயிஸ் எச்சரித்ததும் எழுதியதும் வீணாயின.

போருக்குப் பிறகு அவர் உலகம் சுற்றப் புறப்பட்டார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் படம் எடுத்தார். நம் நாட்டுக்கும் வந்தார். காஷ்மீரில் சுற்றி ஒரு செய்திப் படம் எடுத்து, புத்தகமும் எழுதினார். 'ஒரு ஐரோப்பியப் பெண்ணின் நினைவுகள்' என்ற தலைப்பில் தமது வாழ்க்கையைப் பல பாகங்களாக எழுதினார். எல்லா நிகழ்ச்சிக்கும் நடுவில் தம்மையே நிறுத்திக்கொள்கிறார் என்று அந்தப் புத்தகங்களைப் பற்றிச் சிலர் குறை சொன்னது உண்டு. அடக்கம் அவருடைய குணம் அல்ல. அடக்கமாக இருந்திருந்தால் காலுறையோடு செனட் வாசலுக்குப் போயிருக்க மாட்டார்.

86 வயதில் முதல் பேச்சு

இதற்கிடையில் ஐரோப்பா மெல்ல மெல்ல ஒன்று சேர்ந்தது. 1951-ல் ஆறு நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர ஒப்புக்கொண்டன. 1957-ல் ரோம் உடன்படிக்கை. பொது மார்க்கெட் வந்தது. ஆனால் இதெல்லாம் அதிகாரிகளும் மந்திரிகளும் செய்த வேலை. ஐரோப்பிய சபை என்று ஒன்று இருந்தாலும், அதன் உறுப்பினர்களை ஒவ்வொரு நாட்டுப் பாராளுமன்றமும் அனுப்பி வைத்தது. ஜனங்கள் நேராக யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்த நிலை 1979-ம் ஆண்டு ஜூன் மாதம் மாறியது. ஒன்பது நாட்டு மக்கள் 410 உறுப்பினர்களை நேராக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றுக்கு 62 பேர் ஓட்டளித்தார்கள். பிரான்சில் டிகால் கட்சியினரின் பட்டியலில் லூயிஸ் வெய்ஸ் நின்று வெற்றி பெற்றார்.

ஜூலை 17-ந் தேதி ஸ்ட்ராஸ்பர்கில் முதல் கூட்டம். வயதில் மூத்த உறுப்பினர் தொடக்க உரை ஆற்றவேண்டும் என்பது மரபு. எழுந்து நின்றவர் 86 வயது லூயிஸ் வெய்ஸ். இரண்டு உலகப் போர்களைப் பார்த்தவர். பிரியானோடு பழகியவர். 52 வயது வரை ஓட்டு இல்லாதவர்.

வாழ்த்துச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. நம்முடைய ஐரோப்பிய நிறுவனங்கள் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும், சர்க்கரைக் கிழங்குக்கும், கன்றுக்கும் பன்றிக்கும் ஐரோப்பிய அந்தஸ்து கொடுத்துவிட்டன. ஆனால் ஐரோப்பியர்களை இன்னும் உருவாக்கவில்லை என்று இடித்துச் சொன்னார். சரக்குக்கு எல்லை திறந்துவிட்டது, மனிதர்களின் மனம் திறக்கவில்லை என்பது அவருடைய வருத்தம். தாம் ஐரோப்பாவின் குடிமக்கள் என்ற உணர்வை யார் ஊட்டப் போகிறார்கள் என்பது அவருடைய கேள்வி.

அன்றைக்கே சபைத் தலைவர் தேர்தல் நடந்தது. சிமோன் வெய்ல் என்ற பெண்மணி வெற்றி பெற்றார். சிறுமியாக இருந்தபோது ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் அடைக்கப்பட்டு உயிரோடு மீண்டவர் அவர். லூயிஸ் தற்காலிகமாக அமர்ந்திருந்த ஆசனத்தில் சிமோன் வெய்ல் அமர்ந்தார். ஒரு நாளில் இரண்டு பெண்கள் ஐரோப்பிய சபைக்குத் தலைமை தாங்கினார்கள்.

1983-ம் ஆண்டு மே 26-ந் தேதி, 90-வது வயதில், லூயிஸ் வெய்ஸ் பாரீசில் காலமானார். சாகும்போதும் அவர் பாராளுமன்ற உறுப்பினர்தான்.

அவர் கேட்ட கேள்வி

இன்று ஐரோப்பிய யூனியனில் 27 நாடுகள் இருக்கின்றன. 2024-ம் ஆண்டுத் தேர்தலில் 720 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் இந்தியாவுக்கு அடுத்தபடி உலகில் பெரிய ஜனநாயகத் தேர்தல் அதுதான். லூயிஸ் விரும்பியபடி பல கதவுகள் திறந்திருக்கின்றன. 24 மொழிகளில் எந்த மொழியில் எழுதினாலும் அதே மொழியில் பதில் வரும். எந்தக் குடிமகனும் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். குறைந்தது ஏழு நாடுகளில் இருந்து பத்து லட்சம் கையெழுத்துச் சேர்த்தால், புதிய சட்டம் கொண்டுவரும்படி யூனியன் நிர்வாகத்தைக் கேட்கலாம்.

இன்னொரு உரிமை, வெளியூரில் பிழைக்கிற நம் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. இத்தாலிக்காரர் ஒருவர் ஜெர்மனியில் வேலை பார்த்தால், அவர் குடியிருக்கிற ஊரின் நகரசபைத் தேர்தலில் அங்கேயே ஓட்டுப் போடலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலிலும் அப்படியே. உழைக்கிற இடத்தில் பேச்சுரிமை வேண்டும் என்ற நியாயத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் 1979-ல் 62 சதவீதமாக இருந்த ஓட்டுப் பதிவு 2014-ல் 43 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2019-லும் 2024-லும் பாதியைச் சற்றே தாண்டியது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே வருகிறவர்கள் பாதிப் பேர். தங்களுக்காக என்ன நடக்கிறது என்று தெரியாதவன் ஓட்டுச்சாவடிக்கு எதற்கு வரப் போகிறான்?

ரயில் ஓட இரண்டு தண்டவாளம் வேண்டும். குடிமகனுக்கு ஒன்று விவரம், இன்னொன்று ஓட்டு. பாதி வாழ்க்கையை முதலாவதற்கும் மீதியை இரண்டாவதற்கும் செலவழித்தவர் லூயிஸ் வெய்ஸ் அம்மையார். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி. விவரம் இருந்தும் ஓட்டு இல்லாமல் 52 வயது வரை அவர் வெளியே நின்றார். இன்று ஓட்டு இருந்தும் விவரம் கேட்காமல் கோடிக்கணக்கானவர்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

அது ஐரோப்பாவின் கதை மட்டும் அல்ல. ஊரை விட்டு வந்து பல வருஷம் ஆகியும், சொந்த ஊர்ப் பட்டியலிலும் பெயர் இல்லாமல், குடியிருக்கிற இடத்துப் பட்டியலிலும் பெயர் இல்லாமல் இருப்பவர்கள் நம்மிலும் உண்டு. குடியிருக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள நம் நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. தண்ணீர் வரி ஏன் ஏறியது, வார்டில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்கவும் யாரும் தடை போடவில்லை. தொப்பிப் பெட்டியை வைத்துக்கொண்டு தெருவில் நிற்கவேண்டிய நிலைமை நமக்கு இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.